கணக்கு கைமாறும் காலம்: குமரியின் பேரூராட்சிகளும் வரவிருக்கும் எல்லைகளும்

மழைக்காலத்தில் குமரி மாவட்டப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறப்பு. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை. செய்தியின் இரண்டாவது வரியில் தடை விதித்தவர் யார் என்றிருக்கும்: பேரூராட்சி நிர்வாகம். அணையின் மதகைத் திறப்பது நீர்வளத் துறை. அருவிக்கரையில் நிற்கும் மகாதேவர் கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பு. மேலே போனால் காடு வனத்துறைக்கும் ரப்பர் தோட்டங்களில் ஒரு பகுதி அரசு ரப்பர் கழகத்துக்கும் உரியவை. இத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு நீர்வீழ்ச்சியில் நுழைவுச்சீட்டு கிழிப்பதும், வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு விடுவதும், குப்பை அள்ளுவதும், வெள்ளம் வந்தால் ஆட்களை மேலே ஏற்றுவதும் பேரூராட்சியின் வேலை.

இந்தப் பேரூராட்சியின் எல்லை நாளை மாறினால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்களோடு சேர்த்து ஒரு நகராட்சி ஆக்கினால், அல்லது ஏதாவது ஓர் ஊராட்சியை இதோடு இணைத்தால், எதெல்லாம் புதிய மன்றத்தின் கைக்கு வரும், எதெல்லாம் வழியில் தொலையும்? குமரி மாவட்டத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வியாக இருக்க முடியாது. 2004 முதல் இங்குள்ள உள்ளாட்சிகளின் பெயரும் வகையும் எல்லையும் திரும்பத் திரும்ப மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அரசாணைக்குத் தேதி இருந்தது. ஒப்படைப்புக்கென்று ஒதுக்கிய காலம் இருந்ததாகத் தெரியவில்லை. என் வாதம் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

முதலில், இந்தச் சின்ன மாவட்டத்தில் ஏன் இத்தனை பேரூராட்சிகள்? பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதிலும் கணிசமான பகுதி காடு. ஆனால் 2022 நகர்ப்புறத் தேர்தலின்போது இங்கே ஒரு மாநகராட்சி, 4 நகராட்சிகள், 51 பேரூராட்சிகள் இருந்தன. கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே. தமிழ்நாடு முழுவதற்கும் பேரூராட்சிகள் 490 என்றால், பத்தில் ஒன்று குமரியில். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்று பதிவானார்கள். சென்னையை விட்டால் மாநிலத்திலேயே மிக ‘நகரமயமான’ மாவட்டம் இதுதான். கோவையைப் பார்த்த ஒருவர் குலசேகரத்துக்கோ கடையாலுமூட்டுக்கோ வந்து இறங்கினால் அந்தக் கணக்கை நம்பமாட்டார். கண்ணுக்குத் தெரிவது ரப்பரும் தென்னையும் வாழையும் நடுநடுவே வீடுகளும்தான்.

விடை நிலத்தின் அமைப்பிலும் திருவிதாங்கூரின் பழைய ஆட்சிமுறையிலும் இருக்கிறது. தெருவும் ஊர்ச்சாவடியும் கொண்ட நெருக்கமான கிராமங்கள் கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப்போக அந்த வடிவம் கரைந்து, ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள் தனியாக நிற்கும் ஊர்கள் தொடங்கும். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று உள்ளூர்க்காரரே யோசித்துத்தான் சொல்வார். திருவிதாங்கூர் வருவாய் நிர்வாகம் இவற்றைப் ‘பகுதி’ என்ற பெரிய அலகுகளாகப் பிரித்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இந்தப் பெரிய அலகுகளும் கூடவே வந்தன. இரண்டு ஆண்டுகளில் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், 1958 வந்தது. 5,000 மக்களும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வருமானமும் இருந்தால் அந்த ஊரை நகரப் பஞ்சாயத்து, அதாவது பேரூராட்சி, ஆக்கலாம் என்பது அதன் அளவுகோல். ராமநாதபுரத்துக் கரிசல் கிராமத்துக்கு எட்டாத அந்த எண்ணிக்கையை இங்குள்ள பெரிய ஊர்கள் சுலபமாகத் தாண்டின. அடர்த்தியும் பழைய எல்லைகளும் சேர்ந்து செய்த வேலை இது. தொழிற்சாலையோ சந்தையோ வளர்ந்து இவை நகரமாகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதே நிலம், இதே குடியிருப்பு முறை, எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்திலும் தொடர்கிறது. அங்கே பேரூராட்சி என்ற இடைநிலையே கிடையாது. கிராமப் பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி என்ற மூன்றுதான். திற்பரப்பைவிட மக்கள் அதிகமுள்ள பாறசாலை இன்றும் கிராமப் பஞ்சாயத்து. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் நிதியும் அதிகாரமும் அந்தப் பஞ்சாயத்துக்குக் கிடைத்தன. ஊரக வேலைத்திட்டமும் கிடைத்தது. களியக்காவிளையைத் தாண்டி இந்தப்பக்கம் வந்தால், அதே ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி பேரூராட்சிக்குள் குடியிருப்பதால் நூறு நாள் வேலைக்குத் தகுதி இல்லாதவராகிறார். வேலையும் கூலியும் மரமும் ஒன்றே. வகைப்பாடு ஒன்றுதான் வேறு.

அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது இந்த இடைநிலைக்கு ஒரு சட்ட விளக்கம் கிடைத்தது. 243க்யூ பிரிவின்படி, கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு உரியது நகரப் பஞ்சாயத்து. அதாவது அது ஒரு வழித்தங்கல். வந்து போக வேண்டிய இடம். குமரியின் பேரூராட்சிகளோ அந்த வழித்தங்கலிலேயே மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன.

அந்தக் குடித்தனத்தையும் ஒரு முறை கலைத்துப் பார்த்தார்கள். 2004 ஜூனில் மாநில அரசு, 30,000க்கும் குறைவான மக்கள் கொண்ட ஐநூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் ‘சிறப்பு கிராம ஊராட்சி’களாக மாற்றியது. அதைவிடப் பெரியவை மூன்றாம் நிலை நகராட்சிகளாயின. காரணத்தை அரசே மறைக்கவில்லை: ஊரக வளர்ச்சிக்கென மத்திய அரசு தரும் நிதி இந்த ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான். மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒரே கையெழுத்தில் இத்தனை நகரங்கள் கிராமங்களாயின. 2006இல் ஆட்சி மாறியது. ஜூலையில் எல்லாம் மறுபடியும் பேரூராட்சி.

இரண்டே ஆண்டுகள் நீடித்த இந்த நிகழ்ச்சியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் நகரமயமாதல் புள்ளிவிவரத்தில் வந்த ஒரு விக்கலாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. நிதி எங்கிருந்து வரும் என்பதுதான் மாற்றத்தை முடிவு செய்தது. பதிவேடு, வரி, ஊழியர், எல்லை ஆகியவை அந்த முடிவுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தன. அவை வந்து சேரும் முன்பே முடிவு திரும்பிவிட்டது. அந்த முடிவைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நிதிப் பங்கீடு கிராமம், நகரம் என்ற இரண்டே பெட்டிகளில் வரும்வரை எந்த அரசாக இருந்தாலும் லாபமான பெட்டியைத்தான் தேடும்.

அடுத்த கட்டம் இன்னும் கவனிக்க வேண்டியது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அதன்பின் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் முழுக்கத் தனி அலுவலர்களின் ஆட்சி. குமரியின் பெரிய மாற்றங்கள் எல்லாம் இந்தக் காலத்தில்தான் நடந்தன. 2019இல் நாகர்கோவில் மாநகராட்சியானது; ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகள் அதில் கரைந்தன. 2021இல் கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து கொல்லங்கோடு நகராட்சி ஆயின. 55ஆக இருந்த பேரூராட்சிகள் 51 ஆனது இப்படித்தான். இதில் எந்த இணைப்பின்போதும் சம்பந்தப்பட்ட ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. ஆளூர்க்காரர் தன் வார்டு உறுப்பினரிடம் போய் ‘எங்க வீட்டு வரி என்னவாகும்?’ என்று கேட்க அப்படி ஓர் உறுப்பினரே இல்லை. நாகர்கோவிலின் 52 வார்டுகளுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் வந்தபோது, மாநகராட்சி என்ற பலகை மாட்டி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கள் மன்றத்தின் எல்லையைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

கிராமப்புறத்திலும் இதே தற்செயல், தற்செயல் என்று சொல்லலாம் என்றால். குமரி உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஆண்டு முடியும் தறுவாயில், 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் உருவாக்கும் அறிவிப்பும், பல மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் கிராம ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பும் வந்தன. அந்தப் பதின்மூன்றில் கன்னியாகுமரியும் ஒன்று. ஆட்சேபம் தெரிவிக்க வேண்டிய கட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவி காலாவதியாகியிருந்தது. கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. மாநிலத்தின் பல இடங்களில் மக்கள் மறியலில் இறங்கினார்கள், கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள். நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்பவை அவர்களின் இரண்டு பயங்கள். இரண்டும் ஆதாரமுள்ள பயங்கள். 2022 ஏப்ரலில் பெரும்பாலான நகர்ப்புற உள்ளாட்சிகளில் வீடுகளின் சொத்து வரி, பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்ததைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி திற்பரப்பை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது என் கற்பனை. எந்த அரசாணையிலும் இல்லாதது. திற்பரப்பும் குலசேகரமும் பொன்மனையும் ஒரு நகராட்சியாகின்றன, மேலே உள்ள பேச்சிப்பாறை ஊராட்சியின் ஒரு பகுதியும் அதில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. குலசேகரத்தில் ரப்பர் வியாபாரமும் கடைத்தெருவும் மருத்துவமனைகளும்; திற்பரப்பில் சுற்றுலா; பேச்சிப்பாறையில் நீர்.

முதல் சிக்கல் அருவியின் காசு. நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் குத்தகையும் இன்று திற்பரப்புக்கு வருபவை. அந்த வருமானத்தை நம்பித்தான் அந்தப் பேரூராட்சி தன் செலவைத் திட்டமிடுகிறது. நகராட்சியானால் அது பொதுக் கணக்கில் விழும். அருவிக்கரையின் கழிப்பறைக்கும் படித்துறைக்கும் விளக்குக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், குலசேகரம் சந்திப்பில் ஒரு வணிக வளாகம் கட்டத்தான் முதலில் போகும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, வாக்கு அங்கே அதிகம். குத்தகை ஏலம் நிதியாண்டுக் கணக்கில் போவதால் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆண்டின் நடுவே மன்றம் மாறினால் குத்தகைதாரர் யாரிடம் தவணை கட்டுவது, முன்வைப்புத் தொகை யார் பொறுப்பு? இவை சில்லறை விஷயங்கள் போலத் தோன்றும். உள்ளாட்சி வழக்குகளின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில்லறையிலிருந்து முளைப்பவைதான்.

இரண்டாவது, வரிப் பதிவேடு. பேரூராட்சியின் வரிக் கேட்பும் ஊராட்சியின் வரிக் கேட்பும் வெவ்வேறு விகிதத்தில், வெவ்வேறு அளவீட்டில் எழுதப்பட்டவை. விளைக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு, அதன் பின்னால் மகன் கட்டிய மாடி, ஓரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் என்று நிற்கும் குமரி மேற்கின் மனைகளை யார் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது களத்தில் போய்த்தான் முடிவாகும். அலுவலகத்தில் கணினியை இணைத்துவிட்டால் முடியாது. குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றிலும் இதே கதை. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்கும் காலம் எப்போதும் ஒப்படைப்பின்போதுதான் தொடங்குகிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. பேச்சிப்பாறையின் மேல்புறம் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபையை மையமாக வைத்து எழுதப்பட்டது. உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைப்பதே கிராம சபைதான். ஓர் ஊராட்சியை நகராட்சிக்குள் இழுக்கும்போது இந்தச் சபைக்கு என்ன ஆகும், நிலுவையில் உள்ள மனுக்கள் எங்கே போகும் என்பதைத் தனியாக எழுதாமல் விட்டால் காணிக்காரர்கள்தான் அலைவார்கள். பேரூராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது. 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. (அந்த நாளை உள்ளாட்சி நாளாக அரசு கொண்டாடுகிறது, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுவே. இந்த மாவட்டத்தில் எந்தக் கொண்டாட்டம் பெரியது என்று சொல்லத் தேவையில்லை.) ஆனால் பகுதி சபைக்கு வன உரிமைச் சட்டத்தில் கிராம சபைக்குள்ள இடம் கிடையாது. என்னைக் கேட்டால், காணிக் குடியிருப்புகள் உள்ள ஊராட்சிகளை எந்த நகர்ப்புற இணைப்பிலும் சேர்க்கக் கூடாது. வரைபடம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல். செயல் அலுவலர் மாநில அரசின் ஆள். மாற்றலாகிப் போவார், வருவார். நீரேற்றும் மோட்டாரை எந்த நேரம் போட வேண்டும், எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது, அணைத் தண்ணீர் இறங்கி அருவிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்கள் கீழ்நிலைப் பணியாளர்கள். இந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அவர்களில் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களைப் புதிய நகராட்சி ஒப்பந்த நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், வெள்ளத்தன்று அருவிக்கரையில் நிற்பவர் அந்த ஊரே தெரியாதவராக இருப்பார்.

பிற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். டென்மார்க் 271 நகராட்சிகளை 98ஆகக் குறைத்து 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் புதிய மன்றங்களுக்கான தேர்தலை 2005 நவம்பரிலேயே நடத்திவிட்டார்கள். 2006 முழுக்கப் பழைய மன்றங்கள் அன்றாட வேலையைப் பார்த்தன. புதியவர்கள் இணைப்பு வேலையை மட்டும் பார்த்தார்கள். இங்கிலாந்தில் கம்பிரியா மாவட்ட மன்றத்தையும் அதன் கீழிருந்த ஆறு மன்றங்களையும் கலைத்து இரண்டாக்கியபோது, புதியவற்றுக்கு 2022 மே மாதம் தேர்தல். பொறுப்பேற்றது 2023 ஏப்ரல் 1. இடையில் கிட்டத்தட்ட ஓராண்டு, அதிகாரம் இல்லாமல் ஆயத்தம் மட்டும் செய்யும் மன்றம். பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதற்குத் தேவை பணத்தைவிட, தேர்தலை முன்னால் வைத்து மாற்றத்தைப் பின்னால் வைக்கும் வரிசை. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

நம்மிடமும் அதற்கு ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. அதை யாரும் திட்டமிட்டுத் தரவில்லை என்பது வேறு விஷயம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் நிர்வாக எல்லைகள் 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை உறைநிலையில் உள்ளன. ஊராட்சியையோ பேரூராட்சியையோ இந்தக் காலத்தில் வெட்டவோ ஒட்டவோ முடியாது. கோடு போடத் தடை இருக்கும்போது கோட்டுக்கு இருபுறமும் உள்ளவற்றை எண்ணத் தடை இல்லை. பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். குத்தகைகள் எப்போது முடிகின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். குளமும் சானலும் எந்தத் துறையின் பெயரில் உள்ளன, யார் தூர்வாருகிறார்கள் என்று எழுதிவைக்கலாம். பதவியில் இருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களைக் கேட்கலாம். கேட்க ஆள் இருப்பதே இந்த முறை கிடைத்திருக்கும் பெரிய வசதி.

ஆனால் அந்த ஆட்களுக்கும் கெடு உண்டு. 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களுக்கு அரசியலமைப்பு தரும் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. எல்லைகளின் உறைநிலை விலகுவது அந்த மாதக் கடைசியில். புதிய மக்கள்தொகை எண்கள் கைக்கு வர இன்னும் காலம் ஆகும். எனவே உரிய நேரத்தில் தேர்தல் நடந்தால் பழைய எல்லைகளில், 2011 எண்ணிக்கையில் பிரித்த வார்டுகளில்தான் நடக்கும். 16 ஆண்டு பழைய எண்கள் என்று இதற்கு ஆட்சேபம் வரும். எல்லையைத் திருத்திவிட்டு நிதானமாகத் தேர்தல் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் கூடவே வரும். 2016க்குப் பின் நடந்ததைப் பார்த்த மாவட்டம் அந்த யோசனையை ஏற்கக் கூடாது. பழைய வார்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், வார்டே இல்லாத தனி அலுவலரைவிட மேல். எல்லை மாற்றத்தை அந்தப் புதிய மன்றங்களின் காலத்தில், அவற்றின் கண் முன்னால், ஓராண்டு ஆயத்தத்தோடு செய்யலாம். அதற்குத் தேவையான சட்டம் புதிதல்ல: 1998இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேரூராட்சி முதல் மாநகராட்சி வரை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், ஒரே விதித்தொகுப்பு. இணைப்புக்கு முந்தைய ஓராண்டை அந்த விதிகளிலேயே எழுதிவிடலாம்.

தேதிகள் மோதும் இடம் ஒன்று மட்டும் உடனடியாகக் கவனிக்க வேண்டியது. 2027இல் மகா சிவராத்திரி மார்ச் முதல் வாரத்தில் வருகிறது. அதையொட்டி முன்சிறை திருமலையிலிருந்து ‘கோபாலா, கோவிந்தா’ என்று ஓடிவரும் சிவாலய ஓட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு கோயில்களில் திற்பரப்பு மூன்றாவது. இங்கே ஆற்றில் முங்கிவிட்டுத் திருநந்திக்கரை, பொன்மனை என்று போவார்கள். வழிநெடுக ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று மாறி மாறிக் கடப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, விளக்கு, படித்துறைக் காவல், குப்பை அள்ளும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் மன்றத் தீர்மானமும் செலவு அனுமதியும் வேண்டும். பதவிக்காலம் முடியும் அதே வாரம் அது. புதிய மன்றம் அதற்குள் வராவிட்டால் அந்தத் தீர்மானத்தைப் பிப்ரவரிக் கூட்டத்திலேயே போட்டுவைக்க வேண்டியிருக்கும்.